தவச்செல்வனின் ஸ்பெயின் வைன்

சனிக்கிழமை வந்தால் தவச்செல்வனுக்கு ஒரு தனிக் களை வந்துவிடும். சுவிஸின் லுட்சேர்ன் நகர உணவகமொன்றின் சமையலறையில் கிழமை முழுவதும் பாத்திரம் கழுவுகிற மனிதன், அன்றைக்கு மத்தியானமே ஒரு போத்தல் ஸ்பெயின் சிவப்பு வைனைத் திறந்து மேசையில் வைத்துவிட்டு, "கொஞ்சம் மூச்சு விடட்டும்" என்று அதையே சுற்றிச் சுற்றி நடப்பான். எம்மன்புரூக்கேயில் இரண்டு பிள்ளைகளோடு அவர்கள் இருந்தது இரண்டறை வீடு.

"போத்தல் மூச்சு விட இடமிருக்கு. எங்களுக்குத்தான் இல்லை" என்பாள் அவன் மனைவி யசோதரா.

அந்த வைனை அவனுக்கு அறிமுகம் செய்தவன் கூட வேலைசெய்த ஸ்பெயின்காரன் மனுவேல். அதுவரை தவச்செல்வனுக்கு வைன் என்றால் இளக்காரம். எங்கள் ஆட்களின் கொண்டாட்டங்களில் விஸ்கிக்குத்தான் மரியாதை, வைன் போத்தலோடு போனால், "இதென்ன, பொம்பிளையளுக்கோ?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். மனுவேல் ஊற்றிக் கொடுத்ததைக் குடித்தபோது நாவல்பழம் தின்றதுபோல முதலில் நாக்கு இழுபட்டது. பிறகு மெல்லப் பழவாசம் வந்தது. அதற்கும் பின்னால் பழைய மரப்பெட்டியைத் திறந்த மாதிரி ஒரு மணம். ஆட்டிறைச்சிக் கறியோடு குடித்துப் பார்த்தான், மனிதன் கவிழ்ந்தே போனான். விலை ஏழு பிராங்குக்கும் குறைவு என்றறிந்தபோது அவனுக்குக் கடைக்காரர் மேல் பரிதாபமே வந்தது. அதன் பிறகு இரண்டு வருடமாகச் சனிக்கிழமை தோறும் சில்வர் பேணியில் ஊற்றி, தன்னந்தனியே ரசித்துக் குடித்தான். அந்த ருசியைப் பற்றிக் கதைக்க ஒருவரும் கிடைக்கவில்லை என்பதுதான் அவனுக்கிருந்த ஒரே மனக்குறை.

தொண்ணூற்றாறாம் ஆண்டு அதே கட்டடத்தின் மூன்றாம் மாடியில் நாலறை வீடொன்று காலியானது. அதற்கு எதிர்க் கதவு கட்டடப் பொறுப்பாளர் ஏக்லியின் வீடு. மனைவியை இழந்தவர், சிரித்து யாரும் கண்டதில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை யசோதரா உடுப்புத் தோய்த்துக் காயப்போட்டதற்கு, ஞாயிறில் தோய்க்கக்கூடாதென்று வாசலுக்கே வந்து சட்டம் சொன்னவர். வீட்டை யாருக்குக் கொடுப்பதென்று கட்டடத்துக்குச் சொந்தமான கம்பனி அவரிடம்தான் கேட்கும். அவர் தலையாட்டினால் நாலறை, ஆட்டாவிட்டால் பழைய இரண்டறை.

"சாப்பாட்டுக்குக் கூப்பிடுவம்" என்றாள் யசோதரா. ஆச்சரியம், ஏக்லியும் ஒத்துக்கொண்டார். ஆராவ் நகரிலிருந்த அவளுடைய அண்ணன் சந்திரகுமார் தொலைபேசியிலேயே துள்ளினான்.

"மச்சான், விலை கூடின பிரெஞ்சு வைனா வாங்கும். உம்மட ஏழு பிராங்க் சரக்கைக் குடுத்தா வீடு கிடைச்ச மாதிரித்தான்!"

"எனக்குப் பிடிச்சதை விட்டிட்டு, ருசி தெரியாத ஒண்டை வந்த மனுசனுக்கு எப்பிடிக் குடுக்கிறது?" என்றான் தவச்செல்வன். வழக்கமாக எதற்கும் ஓமென்று போகிறவன், அன்றைக்கு மசியவில்லை.

யசோதராவும் சும்மா இருக்கவில்லை. விலைச்சீட்டை மட்டும் உரிக்கப் போத்தலைச் சுடுதண்ணீரில் ஊறவைத்தாள். விலைச்சீட்டோடு பெயர்ச்சீட்டும் கழன்று மிதந்தது. போத்தல் மொட்டையாக நின்றது. "கேட்டா முப்பது பிராங்க் எண்டு சொல்லுங்கோ" என்று புருசனைப் பலமுறை ஒப்புவிக்க வைத்தாள். பிள்ளைகள் இரண்டும் பக்கத்து வீட்டுக்குப் போயின.

ஏக்லி ஒரு பூச்செடியோடு வந்தார். அவருக்கென்று வாங்கிய ஒற்றை வைன் கிளாஸ், ஒற்றைச் சாப்பாட்டுக் கோப்பையோடு மேசையில் இருந்தது. விருந்தாளி சாப்பிட, வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்துப் பரிமாறுவதுதானே எங்கள் முறை? தவச்செல்வன் போத்தலோடு வலப்பக்கம் நின்றான், யசோதரா கறிச்சட்டியோடு இடப்பக்கம் நின்றாள்.

ஏக்லி கிளாஸை உயர்த்தினார். உயர்த்தியபடியே தவச்செல்வனைப் பார்த்தார், யசோதராவைப் பார்த்தார், காத்திருந்தார். நிறம் பார்க்கிறார் என்று நினைத்துத் தவச்செல்வன் ஓடிப்போய் இன்னொரு விளக்கையும் போட்டுவிட்டான். உணவகத்தில் வெறும் கிளாஸ்களைக் கழுவியவனுக்கு, அவற்றில் எப்படிக் குடிக்கிறார்கள் என்று காணக் கிடைக்கவில்லை. கடைசியில் மனிதர் பெருமூச்சோடு ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். இன்னொரு வாய் குடித்தார்.

"நல்ல வைன்" என்றார். "மிக நல்ல வைன். பெயரைக் காணவில்லையே, எங்கே வாங்கினது? விலை அதிகமோ?"

யசோதரா கண்ணைக் காட்டினாள். தவச்செல்வனும் முப்பது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். ஆனால் இந்தக் கேள்விக்காக அல்லவா இரண்டு வருடமாக ஏங்கிக் கிடந்தான்! உடைந்த ஜெர்மனில் எல்லாவற்றையும் கொட்டினான்: மனுவேலை, ஸ்பெயினை, மரப்பீப்பாயை, நாவல்பழத்தை, ஏழு பிராங்குக்கும் குறைவென்பதை, மனைவி போத்தலைக் குளிப்பாட்டியதையும் கூட. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்!

ஏக்லி முள்ளுக்கரண்டியை வைத்தார். எழுந்தார். வெளியே போனார். படிகளில் அவர் மேலே ஏறுகிற சத்தம் கேட்டது.

"போச்சு" என்று யசோதரா கதிரையில் விழுந்தாள். "உங்கட வாயால மூண்டாம் மாடி போச்சு."

தவச்செல்வனுக்கு அழுகையே வந்துவிட்டது. வீடு போனது ஒரு துக்கம். கண்ணை மூடி ரசித்த மனிதருக்கு விலை தெரிந்ததும் அதே வைன் பிடிக்காமல் போய்விட்டதே என்பது அதைவிடப் பெரிய துக்கம்.

கதவு தட்டப்பட்டது. இரண்டு கைகளிலும் இரண்டு கிளாஸ்களோடு ஏக்லி நின்றார்.

"ஏழு பிராங்குக்கு இப்படி ஒரு வைனா! நான் இருபது கொடுத்துப் புளித்ததைக் குடிக்கிறேன்" என்றபடி உள்ளே வந்தார். "ஆனால் நீங்கள் செய்வது சரியில்லை. கிளாஸைத் தூக்கிக்கொண்டு இருக்கிறேன், முட்டுவதற்கு ஆளில்லை. ஆளுக்கொரு பக்கம் காவல் நிற்கிறீர்கள். தனியாகச் சாப்பிடுவதென்றால் என் வீட்டிலேயே சாப்பிடலாமே. மனைவி போன நாள் முதல் அதைத்தானே செய்கிறேன்."

இருவருக்கும் சுருக்கென்றது. மரியாதை என்று நினைத்து அந்த மனிதரை மேசையில் தனியே விட்டுவிட்டார்களே! தாங்களும் மேசையில் உட்கார்ந்தார்கள். தவச்செல்வனுக்கு வைன், யசோதராவுக்குத் தோடம்பழச் சாறு. ஏக்லி ஒவ்வொருவருடைய கண்ணையும் பார்த்துக் கிளாஸை முட்டினார். அதன் பிறகு வைனைப் பற்றி இரண்டு ஆண்களும் கதைத்த கதையில் கறி ஆறிப்போய், யசோதரா இரண்டு தரம் சூடாக்க வேண்டியிருந்தது. உறைப்பில் மூக்கைச் சிந்தியபடி மனிதர் மூன்றாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

போகும்போது வாசலில் நின்று தொண்டையைச் செருமினார். "அந்த நாலறை வீட்டை உங்களுக்குக் கொடுக்கும்படி திங்கட்கிழமை சொல்லிவிடுகிறேன்" என்றார். பிறகு, கேட்கக் கூச்சப்படுகிறவர் மாதிரி, "எதிர்க் கதவுதான். சனிக்கிழமைகளில் நான் போத்தல் கொண்டுவந்தால், வரலாமா?" என்றார்.

தவச்செல்வன் ஜெர்மன் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தான். யசோதரா முந்திக்கொண்டாள்.

"போத்தலை விடுங்கோ," என்றாள். "பசியோட வாங்கோ, அது போதும்."