வாங்காமல் விட்ட லேப்டாப்

திண்டுக்கல் பேருந்து நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் எனக்கு ஒரு டிசைன் கடை இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பிளக்ஸ், விசிட்டிங் கார்டு என்றெல்லாம் போர்டில் எழுதியிருந்தாலும், எங்கள் வீட்டில் அடுப்பெரிய வைத்தது கண்ணீர் அஞ்சலி போஸ்டர்தான். கல்யாணத்துக்கு நாள் பார்ப்பார்கள், ஆடி மாதம் நிறுத்திவிடுவார்கள், பத்திரிகையின் நிறத்தை நாலு முறை மாற்றச் சொல்வார்கள். சாவில் அந்த இழுவை கிடையாது. வந்து நிற்பவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "எத்தன மணிக்கு எடுக்குறீங்க?" என்பதுதான். உடலை எடுப்பதற்கு முன்னால் போஸ்டர் சுவரில் ஏறிவிட வேண்டும். எடுத்த பிறகு கொண்டுபோய் நீட்டினால் கையால் வாங்கக்கூட மாட்டார்கள்.

இந்த வேலை முழுவதையும் ஒரு டெஸ்க்டாப்பில்தான் செய்தேன். பெரிய திரை, நிறம் பிசகாது. கீபோர்டில் பாதி எழுத்து அழிந்துவிட்டது. எனக்கு அது குறையாகத் தெரிந்ததில்லை, விரல்கள் தானாகப் போய்விடும். இருபது வருடமாக அதே நாற்காலி, அதே சுவரைப் பார்த்த மேசை. வேறு இடத்தில் உட்கார்ந்து ஒரு வரி அடிக்கச் சொன்னால்கூட எனக்கு எரிச்சல் வரும். நான் கொஞ்சம் அப்படிப்பட்ட ஆள்.

என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகங்களும் போய்விட்டன. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள், காலை எட்டு மணி முதல் பன்னிரண்டு வரை டயாலிசிஸ். போஸ்டருக்கு ஆள் வருவதும் அந்த நேரத்தில்தான். இரவில் இறந்தவருக்கும் விடியற்காலையில் இறந்தவருக்கும் சொந்தக்காரர்கள் காலையில்தான் கடை தேடி வருவார்கள்.

முதல் இரண்டு மாதம் கடையைப் பூட்டிவிட்டு அவள் கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். வீட்டில் உடலைக் கிடத்திவிட்டு வருகிறவர்கள் பூட்டிய கடைக்கு முன்னால் எதற்குக் காத்திருப்பார்கள்? அடுத்த தெருவில் இன்னொரு கடை இருந்தது. வேலை ஒவ்வொன்றாக அங்கே போனது. மூன்றாம் மாதத்திலிருந்து, அவள் கையில் ஊசி ஏற்றி மெஷினில் போட்டதும் நான் கடைக்கு ஓடிவிடுவேன். முடியும் நேரத்துக்குத் திரும்பி வருவேன். மகளைத் திருப்பூரில் கட்டிக் கொடுத்திருந்தோம். அவளுக்குக் கைக்குழந்தை. கூட இருக்க வேறு ஆள் எங்களுக்குக் கிடையாது.

ஒரு சனிக்கிழமை எனக்குத் தாமதமாகிவிட்டது. போய்ப் பார்த்தபோது அவள் கட்டிலில் இல்லை. கழிப்பறை வாசலில், தரையில், சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். டயாலிசிஸ் முடிந்ததும் அவளுக்கு ரத்த அழுத்தம் இறங்கிவிடும், தலை சுற்றும். யாரையும் கூப்பிடக் கூச்சப்பட்டுத் தனியாக எழுந்து நடந்திருக்கிறாள். ஆயாம்மா ஒருவர் பக்கத்தில் நின்று விசிறிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் என் மனைவி சிரித்தாள். நடக்கத் தெரியாத வயசுக்குத் திரும்பப் போய்விட்டேன் என்று அந்த ஆயாம்மாவிடம் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

லேப்டாப் யோசனை அவளுடையது. அதே வார்டில் மாமனாரைக் கூட்டிக்கொண்டு வரும் ஒரு பெண், கட்டிலருகே நாற்காலியைப் போட்டு, மடியில் லேப்டாப்பை வைத்து ஆபீஸ் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பாளாம். நீங்களும் அப்படி ஒன்று வாங்குங்கள், போட்டோவும் பெயர்களும் போனில்தானே வருகின்றன, இங்கேயே உட்கார்ந்து முடித்து பிரிண்டுக்கு அனுப்பிவிடலாமே என்றாள். நான் என் வித்தையெல்லாம் காட்டினேன். என் கைக்கு எட்டும் விலையில் கிடைப்பதற்கு ரேம் குறைவு, படத்தைத் திறந்தாலே மூச்சு வாங்கும், திரையை ஒரு விரல் சாய்த்தால் சிவப்பு காவியாகிவிடும், மவுஸ் வைக்க இடமிருக்காது என்று அரை மணி நேரம் பேசினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அம்புட்டும் சரிங்க. அத வச்சுக்கிட்டு என் பக்கத்துல உக்கார முடியுமா, முடியாதா?"

மறுநாள் லேப்டாப் விலை விசாரிக்கக் கிளம்பினேன்.

பாகங்களைச் சேர்த்து என் கம்ப்யூட்டரைச் செய்து கொடுத்தவர் மாடியில் ஒரு சிறு கடை வைத்திருந்தார். என்னைவிட இளையவர், அண்ணே என்று கூப்பிடுவார். இரண்டு தடவை தனியாகப் போய் ஏதேதோ மாடல்களைப் பார்த்துவிட்டு, ஒன்றும் தேறாது என்று வீட்டில் வந்து சொன்னேன். மூன்றாம் தடவை அவள் கூட வந்தாள். நான் சாக்குச் சொல்கிறேன் என்று அவளுக்குச் சந்தேகம். சந்தேகம் நியாயமானதுதான். மாடிப்படியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கி ஏறி, எனக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

கடைக்காரர் ஒரு லேப்டாப்பில் எனக்கு வேண்டிய சாப்ட்வேரை முன்பே ஏற்றி வைத்திருந்தார். உங்கள் வேலையைச் செய்தே பாருங்கள் அண்ணே என்றார். என் பென் டிரைவைச் செருகினேன். சோதிக்க ஒரு போட்டோ வேண்டுமே. மெஷின் தாங்குமா என்று பார்க்க முகத்தை வெட்டினால் போதாது. முடியை வெட்டிப் பார்க்க வேண்டும். உதிரி முடியும் தலையில் பூவும் உள்ள படத்தை வெட்டும்போதுதான் எதன் வண்டவாளமும் தெரியும். போனை லேப்டாப்பில் இணைத்துத் தேடினேன். மகளின் வளைகாப்பில் எடுத்த படம் ஒன்று இருந்தது. என் மனைவி கடுகு நிறப் பட்டுச்சேலையில், தலை நிறைய மல்லிகையோடு, யாரோ சொன்னதற்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் உடம்பு கெடுவதற்கு முந்தைய வருடம்.

வெட்டினேன். கொஞ்சம் திணறினாலும் மெஷின் ஒத்துழைத்தது. காதோரத்து முடியும் மல்லிகையின் ஓரமும் பிசிறில்லாமல் வந்தன. எனக்கு உற்சாகமாகிவிட்டது. பின்னணியில் இருந்த ஆட்களை அழித்தேன். பென் டிரைவிலிருந்து நான் தினமும் திறக்கும் பைலைத் திறந்து, வெட்டிய படத்தை அதில் போட்டு, நடுவில் நிறுத்தினேன். நீல வானம், கீழே வெள்ளை மேகம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. உருவத்தைச் சுற்றி லேசாக ஒளி கொடுத்தேன். தள்ளி உட்கார்ந்து பார்த்தேன். முகத்தில் சிவப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கிறதே, இந்தத் திரையில் இதைத்தான் கவனிக்க வேண்டும் என்று நினைத்தேன். சத்தியமாக அது ஒன்றைத்தான் நினைத்தேன்.

அதுவரை பேசிக்கொண்டே இருந்த கடைக்காரரின் சத்தம் நின்றிருந்தது. நிமிர்ந்தேன். அவர் மேசையில் கிடந்த ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே சுருட்டி வைத்திருந்த ஒயர்தான். அப்போதுதான் திரையில் இருந்தது என்னவென்று எனக்குத் தெரிந்தது. மேலே 'கண்ணீர் அஞ்சலி' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பெயர் போடுகிற இடமும் இரண்டு தேதி போடுகிற இடமும் காலியாக இருந்தன.

பின்னால் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"பூவெல்லாம் நல்லா வெட்டிருக்கீங்க" என்றாள். பிறகு, "மெசினு தேவல போல. வாங்கிருங்க" என்றாள்.

நான் மூடியைச் சாத்தினேன். அணைக்கவில்லை, சேமிக்கவும் இல்லை, அப்படியே சாத்திவிட்டு எழுந்துவிட்டேன். பென் டிரைவை எடுக்கக்கூட மறந்துபோனேன். பாதிப் படியில் நான் நின்றுகொண்டிருக்க, அவள்தான் அதைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, கைப்பிடியைப் பற்றியபடி மெதுவாக இறங்கி வந்தாள்.

அவள் திட்டியிருக்கலாம். அழுதிருக்கலாம். நான் அதற்குத் தயாராக இருந்தேன் என்றுகூடச் சொல்வேன். அவளோ ஸ்கூட்டரில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என்னைத் தேற்றினாள். கை பழகிய வேலை, அது பாட்டுக்குச் செய்துவிட்டது, இதற்குப் போய் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள் என்றாள். நாகல்நகர் பாலத்தில் ஏறும்போது என் தோளில் கை வைத்து, காதருகே சொன்னாள்.

"எனக்குத் தெரியாததாங்க? நாலு மணி நேரம் அந்த விட்டத்தப் பாத்துக்கிட்டுத் தனியாக் கெடக்குறதுக்கு, நீங்க பக்கத்துல உக்காந்து யாரு போஸ்டர வேணாலும் அடிங்க. எனக்கு அது போதும்."

"அந்தச் சனியன் வீட்டுக்குள்ள வரக்கூடாது" என்றேன். சொன்ன வேகத்தில் ஸ்கூட்டரே ஆடியது.

அதற்குப் பிறகு அவள் மூன்று முறை கேட்டாள். ஒரு முறை சாப்பாட்டின்போது, ஒரு முறை மருத்துவமனையில் ஊசி ஏற்றும்போது, ஒரு முறை மகளைப் போனில் வைத்துக்கொண்டு. ஒவ்வொரு முறையும் திரையில் சிவப்பு தூக்கலாகத் தெரிகிறது என்றேன். கடைக்காரர் வேறு மாடல் வந்திருப்பதாகச் சொன்னபோதும் அதையே சொன்னேன். உண்மை என்னவென்றால், லேப்டாப் என்ற பேச்சு எழுந்தாலே அந்த நீல வானமும் அதன் நடுவே அவள் சிரிப்பும் எனக்குத் தெரிந்தன. அவள் கட்டிலருகே அதை மடியில் வைத்து நான் திறப்பதை நினைக்கவே முடியவில்லை. அவள் மேல் உள்ள பாசத்தால்தான் மறுக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாசமும் இல்லை, மண்ணும் இல்லை. எனக்கு வெட்கம். செய்த காரியத்தை மறுபடி பார்க்கப் பயம். அந்தப் படத்தைப் பார்த்தவள் அவள். அவளே அதைத் தாண்டி வந்துவிட்டாள். நான் வரவில்லை.

டெஸ்க்டாப் போதும் என்றேன். அவளும் கேட்பதை நிறுத்திவிட்டாள். பழைய ஏற்பாடே தொடர்ந்தது. அவளை மெஷினில் போட்டதும் நான் கடைக்கு ஓடுவேன்.

அன்று வியாழக்கிழமை. ஸ்கூட்டரை மருத்துவமனை வாசலில் நிறுத்தும்போதே போன் வந்தது. அகரத்தில் பூ விவசாயம் செய்யும் ஒரு வீட்டில் பெரியவர் இறந்துவிட்டார், மூன்று மணிக்கு எடுக்கிறார்கள், ஒன்பது மணிக்கு ஆள் வரும் என்றார்கள். என் மனைவி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஊசி ஏற்றியதும், "பாவம், காத்திருப்பாக, கெளம்புங்க" என்றாள். போர்வையை அவள் கால்வரை இழுத்துவிட்டுக் கிளம்பினேன்.

பெயர்ப் பட்டியலில் தகராறு. இறந்தவரின் இரண்டு மகன்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. மூத்த மருமகன் பெயர் மகன்களுக்கு அடுத்து வர வேண்டும் என்கிறார் மூத்த மகன், கடைசியில் போனால் போதும் என்கிறார் இளையவர். ஒருவர் கடையில் என் எதிரே நிற்கிறார், இன்னொருவர் போனில் கத்துகிறார். நான் மேலே போட்டதைக் கீழே இறக்கி, இறக்கியதை மேலே ஏற்றிக்கொண்டிருந்தேன். பத்தே முக்காலுக்கு வார்டிலிருந்து அழைத்தார்கள். உடனே வரச் சொன்னார்கள்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. போனை வைத்த பிறகு எழுந்து ஓடவில்லை. மருமகன் பெயரை மகன்களுக்கு அடுத்த வரியிலேயே விட்டு, பைலைச் சேமித்து, பிரிண்டுக்கு அனுப்பி, அது போய்ச் சேர்ந்துவிட்டதா என்றும் பார்த்துவிட்டுத்தான் எழுந்தேன். இரண்டு நிமிடம் ஆகியிருக்கும், மூன்றாகவும் இருக்கலாம். அந்த நேரத்தால் எதுவும் மாறியிருக்காது, அவர்கள் என்னை அழைத்தபோதே எல்லாம் முடிந்துவிட்டது என்று பிறகு சொன்னார்கள். அதனால் என்ன? எனக்கு அது தெரியாதே.

நான் போனபோது கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்து விட்டிருந்தார்கள். டாக்டர், இதயம் நின்றுவிட்டது, எங்களால் ஆனதையெல்லாம் செய்து பார்த்தோம் என்றார். செய்திருந்தார்கள்தான். பக்கத்துக் கட்டில்காரர்களே சொன்னார்கள். நான் அவள் காலைத் தொட்டேன். போர்வை நான் இழுத்துவிட்டபடியே இருந்தது.

ஊசி ஏற்றும் நர்ஸ் என்னை வராந்தாவுக்குக் கூட்டிப் போய்த் தண்ணீர் கொடுத்தாள். சின்ன வயதுப் பெண். ஒன்பதரை மணியிலிருந்தே அம்மா ஒரு மாதிரியாக இருந்தார், டாக்டர் வந்து பார்த்து மெஷினின் வேகத்தைக் குறைத்தார், உங்களைக் கூப்பிடட்டுமா என்று நானே இரண்டு தடவை கேட்டேன் என்றாள். என் மனைவி வேண்டாம் என்றிருக்கிறாள்.

"என்னம்மா சொன்னா?" என்று கேட்டேன்.

"அகரத்துல ஒரு சாவாம். மூணு மணிக்கு எடுக்குறாகளாம். 'அவரு வந்துட்டா அவுகளுக்குப் போஸ்டர் கெடைக்காது, முடிச்சுட்டு வரட்டும்'னாங்க சார்."

அந்த நேரத்தில் அவள் பக்கத்தில் நான் உட்கார்ந்திருக்க முடியும். வேலையும் நடந்திருக்கும், அகரத்துக்குப் போஸ்டரும் போயிருக்கும். அவள் திரும்பத் திரும்பக் கேட்டது இந்த ஒன்றைத்தான். நிறம் சரியில்லை என்று சொல்லி நான் அதை மறுத்தேன்.

போன மாதம் மாடிக் கடைக்காரர் என் கடைக்கு வந்தார். அந்தப் பேச்சை எடுக்கத் தயங்கித் தயங்கி, இப்போது வருகிற லேப்டாப்களில் திரை நன்றாக இருக்கிறது, நிறம் மாறுவதில்லை, விலையும் உங்களுக்குத் தோதாக இருக்கும், ஒன்று எடுத்து வைக்கட்டுமா அண்ணே என்றார். நல்ல மனிதர், எனக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைக்கிறார்.

"வேணாம் தம்பி" என்றேன். "தூக்கிக்கிட்டு எங்க போயி உக்காரப் போறேன்?"