பதினொரு நிமிட மௌனத்தோடு காஹாங்குக்கு

வண்டியில் இருந்தவர்கள் இருவர்: நானும், ஓட்டிவந்த நண்பன் குமரேசனும். வந்திருக்க வேண்டியவர், வராதவர், எங்கள் ஞாயிறு மலரின் சினிமாப் பக்க ஆசிரியர். "நீதானே விமர்சனம் எழுதுனே, நீயே போய்ப் பேசு" என்று சொல்லிவிட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அச்சில் வந்த என் முதல் விமர்சனம் அது.

காலை 9.10. எங்கள் ஊர் தம்போயிலிருந்து காஹாங் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். அங்குள்ள செம்பனை எண்ணெய் ஆலையில் தேன்மொழி என்ற இளம் இயக்குநர் சொந்தக் காசில் எடுத்த படத்தை, அதில் நடித்த ஆலைத் தொழிலாளர்களுக்கு முதன்முறையாகத் திரையிடுகிறார்; முடிந்ததும் நான் பேச வேண்டும். இயந்திர இரைச்சலில் செவிடாகும் ஒரு பெண்ணின் கதை. எனக்கு முன்கூட்டியே மின்னஞ்சலில் அனுப்பிய பிரதியில், ஆலைக்குள் நடக்கும் காட்சியில் பதினொரு நிமிடம் சத்தமே இல்லை. "இயக்குநர் நம்மை அவள் காதுக்குள் உட்கார வைக்கிறார்" என்று எழுதினேன்.

"டிரெய்லர்ல மெஷின் சத்தம் காதப் பொளக்குது. நீ என்னடா மௌனம்னு எழுதிருக்க?" என்றான் குமரேசன்.

"அது வேற காட்சி."

சொல்லிவிட்டேனே தவிர, மனம் கேட்கவில்லை. 9.50க்கு, செடெனாக் தாண்டும்போது, அந்த மின்னஞ்சலை முதன்முறையாகக் கடைசி வரி வரை படித்தேன். 'வேலை முடியாத பிரதி. ஆலைக் காட்சிக்கு இன்னும் ஒலி சேர்க்கவில்லை.'

குமரேசனுக்கு வாசித்துக் காட்டினேன்.

"அலமாக், போச்சு! திரும்பிரலாமா?"

"பேசுறேன்னு ஒத்துக்கிட்டேன்டா."

இரண்டு பக்கமும் செம்பனை. ஈரான், கொரியா, ருமேனியா என்று இணையத்தில் இரவல் கணக்கில் படங்களைத் தேடித் தேடிப் பார்க்கிறவன் நான். அவற்றில் ஒருவர் பேசாமல் சன்னலைப் பார்த்தால் அது ஆழம் என்று பழகியிருந்தேன். பாதிப் படங்களில் சொல்ல எதுவும் இல்லாததால்தான் பேசாமல் இருக்கிறார்கள். அதை எழுத எனக்குத் துணிவு வந்ததில்லை.

11.30. காஹாங் பொது மண்டபம். வாசலில் சுவரொட்டி. அதில் என் வாக்கியம் கொட்டை எழுத்தில், கீழே என் பெயர். மடக்கு நாற்காலிகளில் அறுபது பேர் இருக்கலாம்.

ஆலைக் காட்சி வந்தது. இரைச்சலில் நாற்காலி அதிர்ந்தது. பக்கத்து வரிசைப் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் கையால் பேசத் தொடங்கினார்கள். இரண்டு விரல் தட்டினால் தேநீர். தோளைத் தொட்டால் மேஸ்திரி வருகிறார். ஆலையில் அப்படித்தானாம். திரையிலும் கைகள், மண்டபத்திலும் கைகள். நான் எழுதியதைவிட எவ்வளவோ பெரிய படம் அது. அதைப் பார்க்காமலேயே பாராட்டியிருந்தேன்.

படம் முடிந்து, பேச என்னைப் பெயர் சொல்லி அழைத்தார்கள். மௌனம் ஒரு குறியீடு என்று ஏதாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். வாய் வரை வந்தது.

"நான் எழுதுன மௌனம் இந்தப் படத்துல இல்லீங்க. சத்தம் சேக்காத பிரதியப் பாத்தேன். அதுல போட்டிருந்த குறிப்பப் படிக்காம எழுதிட்டேன்."

நாயகியாக நடித்த லெட்சுமி அக்காவுக்கு நிஜமாகவே காது கேட்காது. பக்கத்திலிருந்தவர் நான் சொன்னதைக் கையால் சொன்னார். அக்கா எழுந்தார்.

"காது போனா அமைதியாயிரும்னு யாரு தம்பி சொன்னா? உள்ள வண்டு கத்திக்கிட்டே இருக்கும் லா! வேணும்னா ஒரு வாரத்துக்கு என் காத எடுத்துட்டுப் போ!"

மண்டபமே சிரித்தது. தேன்மொழி மட்டும் சிரிக்கவில்லை.

பிற்பகல் 2.15. கார் பக்கத்தில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"விமர்சனத்தப் படிச்சப்பவே தப்புன்னு தெரியும்" என்றார்.

"அப்புறம் ஏன் சுவரொட்டில அச்சடிச்சீங்க?"

"உங்களத் தவிர வேற யாரும் ஒரு வரிகூட எழுதலயே."

கிளம்பும்போது பயம் முழுதும் விட்டுப்போகவில்லை. திருத்தம் எழுதித் தந்தால் ஆசிரியர் போடுவாரா, மறுபடி எனக்கு எழுத இடம் தருவாரா, தெரியாது. ஈப்போவுக்கும் பினாங்குக்கும் போகவேண்டிய நூறு சுவரொட்டிகளை என் வாக்கியம் இல்லாமல் புதிதாக அடிப்பது, செலவில் ஆளுக்குப் பாதி என்று தேன்மொழியும் நானும் பேசி முடித்தோம். மொத்தச் செலவு இருநூற்று எண்பது வெள்ளி.