கை நனைப்பதற்கு முன்

பெண் கொடுக்கப்போகும் வீட்டில் சோற்றில் கை வைத்துவிட்டால் சம்பந்தம் உறுதி என்று அர்த்தம். எங்கள் பக்கத்தில் இதைக் கை நனைப்பது என்பார்கள். காப்பி குடிக்கலாம், முறுக்குக் கடிக்கலாம், அதெல்லாம் கணக்கில் வராது. சோறு வேறு. வேண்டாம் என்று மனதில் இருந்தால் "வயிறு சரியில்ல" என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமல் எழுந்து வந்துவிட வேண்டும். இரண்டு பக்கத்துக்கும் விளங்கிவிடும், யாரும் யாரையும் வையத் தேவையில்லை. நாகரிகமான ஏற்பாடுதான். ஆனால் இதை ஏற்படுத்தியவர்கள் என் மகளைப் போல ஒருத்தியை யோசித்துப் பார்க்கவில்லை.

என் மகள் கறி தின்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் ஆட்டுக்கறி என்ற ஒழுங்கில் வளர்ந்தவள்தான். ஒரு ஞாயிறு தட்டைத் தள்ளி வைத்தாள். ஏன் என்றேன். "இறங்கலப்பா" என்றாள். அவ்வளவுதான், அதன் பிறகு தொடவில்லை.

எனக்குத்தான் அவமானமாக இருந்தது. நான் சைவமாக மாறியபோதெல்லாம் என் பின்னால் தடித்த புத்தகம் ஒன்று இருந்தது. உயிர்களின் வலி, பூமியின் சூடு, மனிதக் குடலின் நீளம் என்று கேட்காதவர்களுக்கும் விளக்கிவிட்டு, யாராவது ஒருவர் வீட்டுக் கல்யாணப் பந்தியில் அத்தனை கொள்கைகளையும் பிரியாணிக்கு விட்டுக்கொடுத்தவன் நான். அவள் ஒரு காரணமும் இல்லாமல் விட்டுவிட்டு நிம்மதியாக இருந்தாள். சிவன் கோயில் பக்கம், மடவார் வளாகத்தில் நாங்கள் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் பிறவிச் சைவம். அவரிடம் இதைச் சொன்னபோது, "கறி தின்னாட்டா உங்க சர்ச்ல ஒண்ணும் சொல்ல மாட்டாகளா?" என்று நிஜமான கவலையோடு கேட்டார்.

மாப்பிள்ளைப் பையன் ராஜபாளையத்துக்காரன், எங்களைப் போலவே சர்ச்சுக்குப் போகும் குடும்பம். அப்பா இல்லை. பேண்டேஜ் துணி நெய்யும் தறிகளை அம்மாவோடு சேர்ந்து பார்த்துக்கொள்கிறான். அவர்கள் வந்து பெண் பார்த்துவிட்டுப் போன பிறகு இருவரும் போனில் பேசினார்கள். நான் பத்திரிகைகளுக்கு எழுதும் நகைச்சுவைக் கட்டுரை எதற்கும் இதுவரை சிரிக்காத மகள், அந்தப் போனைக் காதில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்து சிரித்தாள். அவளுக்குப் பிடித்துவிட்டது என்று அப்படித்தான் எனக்குத் தெரியும்.

பையனின் அம்மா ஒருநாள் கூப்பிட்டார். "வீடு பாக்க வரும்போது பொண்ணையும் கூட்டிட்டு வாங்கண்ணே. வாழப்போற வீட்ட அவ பாக்க வேண்டாமா? மதியச் சாப்பாடு இங்கதான்."

போகும்போது காரில் மகளிடம் கேட்டேன். "நீ கறி சாப்பிட மாட்டேன்னு அங்க தெரியுமா?"

"அவர்ட்ட சொல்லிட்டேன்பா. அம்மாட்ட அவரே சொல்லிக்கிறேன்னார்."

"சொல்லியிருப்பாரா?" என்றாள் என் மனைவி.

மகள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வாசலில் பையன் நின்றிருந்தான். என்னைக் கும்பிட்டான், என் மனைவியைக் கும்பிட்டான், மகளை மட்டும் பார்க்கவில்லை. அவன் சொல்லவில்லை என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே நெடுங்காலம் குடும்பம் நடத்தியவன் நான். அந்த முகத்தைத் தினமும் சவரம் செய்கிறேன். தெருமுனையிலேயே வந்த மசாலா வாசனை மிச்சத்தைச் சொல்லிவிட்டது.

வீடு பார்த்தோம், காப்பி குடித்தோம். இலை போட்டார்கள். சுக்கா, ஈரல், குழம்பு, கோழி வறுவல் எல்லாம் வந்து இறங்கின. கத்தரிக்காய்ப் பாத்திரம் ஒன்று தெரிந்ததும் என் மனைவிக்கு மூச்சு வந்தது. "எலும்பு போட்டு ஆக்குனது, தின்னு பாருங்க மதினி" என்றார் அந்த அம்மா. மூச்சு போய்விட்டது. ரசம்கூட நெஞ்செலும்பு ரசம்.

"சின்னதுல கறிய நாங்க கிறிஸ்மஸுக்கும் ஈஸ்டருக்கும்தான் பாத்தோம்ணே" என்றார் எனக்குப் பரிமாறிக்கொண்டே. "அதுலயும் எனக்கு வந்த துண்ட இந்தா இருக்கானே, எங்கண்ணன், பிடுங்கித் தின்னுருவான். தறி ஓட ஆரம்பிச்ச பொறவு ஒண்ணு முடிவு பண்ணேன். என் வீட்டுக்கு வாரவியளுக்குக் கறி இல்லாம எல போடக் கூடாது."

பிடுங்கித் தின்ற அண்ணன், அதாவது பையனின் தாய்மாமன், எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். சாப்பாட்டு ஜெபம் அவர்தான் செய்தார். "இந்த ஆகாரத்திலே இரண்டு குடும்பங்களும் ஒன்றாகும்படி கிருபை செய்யும்" என்று அவர் முடித்தபோது, என் மகள் மட்டும் ஆமென் சொல்லச் சற்றுத் தாமதித்தாள்.

பதற்றத்தில் எனக்குப் பசிக்கும். ஈரலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். அதே நேரம் அந்த அம்மா சுக்காக் கரண்டியோடு மகளின் இலைக்கு வந்தார். மகள் இலைக்கு மேலே கையை நீட்டி மறித்தாள்.

"கறி வேண்டாம் அத்தை. சோறும் மோரும் போதும்."

கரண்டி அந்தரத்தில் நின்றது. "உடம்புக்கு முடியலயா?"

"இல்ல, நல்லாத்தான் இருக்கேன்."

"முடியலன்னு சொல்லியிருந்தாக்கூட மருவாதையா இருந்திருக்கும்" என்றார் மாமன்.

"பிடிக்கலன்னா காப்பியோட எந்திச்சிருக்கலாமே தாயி" என்றார் அந்த அம்மா. குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "எல போட்டு, ஜெபம் பண்ணப் பொறவா சொல்லுவ?"

"அப்படியில்ல மதினி, அவ கறியே தின்ன மாட்டா" என்றாள் என் மனைவி.

"வேதக்கார வீட்டுல கறி தின்னாத புள்ளயா? அண்ணன் மட்டும் அள்ளி அள்ளித் தின்னுதாரு!"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஈரலை வாயில் வைத்துக்கொண்டு ஜீவகாருண்யம் பேசுவது சுலபமல்ல. ஆனாலும் முயன்றேன். "அது வந்து, இப்ப உலகம் பூராவுமே..." என்று தொடங்கினேன். மனைவி என் காலை மிதித்தாள்.

மாமன் மகள் பக்கம் திரும்பினார். "டாக்டர் சொன்னாரா?"

"இல்ல."

"ஆண்டவருக்குப் பொருத்தன, நேர்ச்ச எதுவும் பண்ணியிருக்கியா?"

"இல்ல."

"பொறவு எதுக்கு?"

"இறங்கல. அவ்வளவுதான்."

"எறங்கலயாம்!" என்று அவர் தங்கையைப் பார்த்தார். "விடியக்காலம் எந்திச்சு ஆக்கிருக்க. எறங்கலயாம்."

மகள் எங்கள் யாரையும் பார்க்கவில்லை. பையனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தன் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை, பின்கட்டில் தறிகள் நின்றிருந்தன. ஓடியிருந்தாலாவது அந்த அமைதியைக் கொஞ்சம் மூடியிருக்கும்.

அந்த அம்மா கரண்டியைச் சட்டிக்குள் போட்டார். "சரி. எலய எடுத்துருவோமா?"

என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. மகளுக்குக் கலங்கவில்லை.

"எடுத்துருங்க அத்தை" என்றாள். "அவருக்கு முன்னாடியே தெரியும். உங்ககிட்ட சொல்லியிருப்பார்னு நம்பித்தான் உக்காந்தேன். சொல்லலன்னா எடுத்துருங்க."

அதுவரை பிரச்சினை ஆட்டுக்கறி என்றே நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா மகன் பக்கம் திரும்பினார். "ஏலே, தெரியுமா உனக்கு?"

"தெரியும்மா."

"பொறவு ஏன்லே சொல்லல?"

"சொல்லத்தான் வந்தேன். நீ காலைலயே மசாலா அரச்சுக்கிட்டு, பாட்டுப் பாடிக்கிட்டு இருந்த. சொல்ல வாய் வரல."

"எனக்குப் பயந்துக்கிட்டு அவள இப்படி சபைல முழிக்க விடுவியா?"

அந்த அம்மா விருட்டென்று அடுப்படிக்குள் போனார். உள்ளே பாத்திரங்கள் உருண்டன. உலைமூடியா, மனக்கொதிப்பா என்று பிரித்தறிய முடியாத சத்தம்.

"சாப்பிடுங்க அண்ணாச்சி, ஆறிரப்போவுது" என்றார் மாமன். என் கையில் குழம்பு காய்ந்துகொண்டிருந்தது. முறைப்படி பார்த்தால் என் சம்மதத்தை நான் ஈரலிலேயே கொடுத்து முடித்துவிட்டேன். யாரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. தகப்பன் சம்மதத்துக்கு அவ்வளவுதான் மதிப்பு.

செத்த நேரம் கழித்து அந்த அம்மா மோர்ச் செம்போடு வந்து மகளின் இலை முன்னால் நின்றார். ஊற்றவில்லை.

"இந்த வீட்டுல ரெண்டு சமையல் நடக்காது, சொல்லிட்டேன்."

"வேண்டாம் அத்தை. எனக்கு ஒரு சட்டி மட்டும் தனியா இருந்தா போதும். நானே ஆக்கிக்கிருவேன்."

"அந்தச் சட்டிய யாரு கழுவுவா? கறிச்சட்டி தேச்ச நாரு இதுல படக் கூடாதுன்னு நாளைக்கு ஒரு சட்டம் போடுவ."

"போடுவேன்" என்றாள் மகள்.

என் மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அப்ப சொல்லு, யாரு கழுவுவா?"

மகளின் கை மடியிலேயே இருந்தது, நனையாமல். அவள் மறுபடி பையனைப் பார்த்தபோது, வீட்டுக்குத் திரும்பிப் போகும் சாலை என் கண்ணில் முழுசாக வந்துபோனது. காருக்குள் யாரும் பேசாமல் நாங்கள் போவது உட்பட.

"நான்" என்று ஏதோ முனகல் கேட்டது.

"யாரு மாப்ள?" என்றார் மாமன்.

பையன் தொண்டையைச் செருமிக்கொண்டு, இந்த முறை நேராக அம்மாவைப் பார்த்துச் சொன்னான். "நான் கழுவுதேம்மா. தனி நாரு வாங்கி வச்சு."

"நீ குடிச்ச காப்பி டம்ளரக் கழுவியிருக்கியாலே?"

"இல்ல. இதக் கழுவுதேன்."

"எம்புட்டு நாளைக்குன்னு பாப்போம்" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மா மோரைச் சாய்த்தார். கோபத்தில் அளவு தெரியவில்லை. சோற்றைத் தாண்டி ஓடிய மோர் இலை விளிம்பைத் தொட்டது. கீழே வழிந்துவிடாமல் மகள் இடது கையால் விளிம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வலது கையைச் சோற்றில் வைத்தாள்.

"ஊறுகா வேணுமா?" என்று உறுமலாகக் கேட்டார் அந்த அம்மா.

"எலும்பு போடாததுன்னா குடுங்க அத்தை."

மாமன்தான் முதலில் சிரித்தார். அவளுக்கு வைத்திருந்த சுக்காவைச் சட்டியிலிருந்து தன் இலைக்கு வழித்துக்கொண்டார். இன்னும் பிடுங்கித் தின்னும் பழக்கம் போகவில்லை. நான் என் இலையில் மிச்சமிருந்த ஈரலைப் பார்த்தேன். நன்றாக ஆறிப்போயிருந்தது. தின்றேன்.