ஈர வேட்டியில் வால் நட்சத்திரம்

கொடியில் காயும் ஈர வேட்டியின் வாடை வந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. சுற்றிப் போய் மறுபக்கத்தையும் பார்த்தாக வேண்டும்.

வால் நட்சத்திரம் வரவிருந்த வருஷம், பாளையங்கோட்டையில் எங்கள் தேவாலயத்து உபதேசியார் விளக்குப்படம் காட்டினார். ஒளி ஊடுருவ வேட்டியை நனைத்துக் கட்டி, கண்ணாடித் தகட்டிலிருந்த வால் நட்சத்திரப் படத்தை மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியில் அதன்மேல் விழச் செய்தார். ஆண்கள் முன்பக்கம் உட்கார்ந்தார்கள். அம்மாவும் நானும் மற்றப் பெண்களோடு வேட்டிக்குப் பின்னால். சூடேறிய விளக்குத் தகரத்தின் நெடி மூக்கில் ஏறியது.

"வால் வலப்பக்கம்லா சாஞ்சிருக்கு," என்றாள் அம்மா, வீட்டுக்கு வந்ததும்.

"இடப்பக்கம்," என்றார் அப்பா. "பின்னால இருந்து பாத்தா எல்லாம் மாறித்தான் தெரியும். சும்மா கெட."

அம்மா அடுக்களைக்குள் போய்விட்டாள்.

சில வாரங்களில் வால் நட்சத்திரமே வந்தது. விடியுமுன் ஆற்றங்கரையில் நின்று கிழக்கே பார்த்தோம். வால் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. அப்பா தொண்டையைச் செருமினார்.

அன்றே உபதேசியார் வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "தகட்டத் திருப்பிப் போட்டுட்டேன் அண்ணாச்சி. எல்லாருக்கும் தப்பாக் காட்டிட்டேன்."

"எல்லாருக்கும் இல்லய்யா," என்றாள் அம்மா, அடுக்களையிலிருந்து.

இன்றும் கொடியில் காயும் வேட்டியைச் சுற்றிச் சுற்றித்தான் வருகிறேன். எந்தப் பக்கத்திலும் இன்னும் உட்காரவில்லை.