தண்ணீர் குடித்த எலிக்கும் வலிக்கவில்லை

நிரோஷினிக்குப் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. தண்ணீர் கொதிக்குமுன் டீத்தூளைக் கொட்டுவாள், பஸ் நிற்குமுன் இறங்குவாள். இப்படிப்பட்ட அவசரக்குடுக்கை ஊட்டியில் ஒரு பார்மசி கல்லூரியில் சேர்ந்து, வெள்ளெலி எப்போது வாலை இழுக்கும் என்று காத்திருக்கும் ஆராய்ச்சியை எடுத்துக்கொண்டாள் என்றால், அதற்குக் காரணம் அவள் அம்மா விஜயாதான்.

விஜயா கட்டபெட்டுப் பக்கம் தேயிலைக் கொழுந்து பறிப்பவர். போன வருஷம் முதுகின் இடப்பக்கம் அக்கி வந்தது. கொப்புளம் ஆறிவிட்டது, எரிச்சல் மட்டும் போகவில்லை. ரவிக்கைத் துணி பட்டாலே துடித்துப்போவார். கொழுந்து மூட்டையைத் தூக்க முடியாமல் வேலைக்குப் போவதையே விட்டுவிட்டார். டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரை மனச்சோர்வுக்கும் கொடுப்பது என்று மருந்துக்கடைக்காரர் வாய்தவறிச் சொல்லப்போக, அதை அப்படியே அலமாரிக்குள் போட்டுப் பூட்டிவிட்டார்.

"எனக்கு முதுகுதான எரியுது? புத்தியா கெட்டுப்போச்சு?"

"அதே மாத்திரை நரம்பு வலியையும் அடக்கும்மா. எலிக்கு நான் குடுத்துப் பாக்கப்போறதே அதத்தான்."

"அப்ப மொதல்ல ஒன் எலிக்கு நல்லாகட்டும். அப்புறம் பாப்போம்."

விஜயா வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தார். மகள் அதையே பிடித்துக்கொண்டாள்.

எலியை ஒரு குழாய்க்குள் விட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வாலில் விளக்கின் சூடு படும்படி வைப்பார்கள். சுட்டதும் எலி வாலைச் சுண்டி இழுக்கும். எவ்வளவு நேரம் கழித்து இழுக்கிறது என்பதுதான் கணக்கு. இழுக்காமலே இருந்தால், வால் வெந்துபோகாதபடி விளக்கு தானாக அணைந்துவிடும். பாதி எலிகளுக்கு மருந்து, பாதிக்கு வெறும் தண்ணீர்.

மருந்து குடித்த எலிகள் சாவகாசமாக வாலை இழுத்தன. நிரோஷினிக்குத் தலைகால் புரியவில்லை. ஆய்வுக்கூட வாசலில் நின்றபடியே வீட்டுக்குப் போன் போட்டாள். "எலிக்கு நல்லாயிருச்சும்மா. இன்னைக்கே மாத்திரையப் போடு." சொன்ன சொல்லுக்காக விஜயாவும் அன்றே போட ஆரம்பித்தார்.

அதற்கப்புறம் ஒரு பனிக்காலைதான் எல்லாவற்றையும் கவிழ்த்தது. அறை ஹீட்டர் பழுது. அன்று வெறும் தண்ணீர் குடித்த எலிகளும் வாலை இழுக்காமல் இருந்தன. தண்ணீருக்கு எங்கே வலி போகும்? நிரோஷினி தான் செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். தினமும் காலையில் வந்ததும் ஹீட்டரைப் போடுவாள். என்ன ஆகிறது என்று பார்க்கும் ஆசையில், அறை சூடாகுமுன்பே மருந்து எலிகளைத்தான் முதலில் எடுப்பாள். சில்லிட்டுக் கிடக்கும் வால் சூடேறவே நேரமாகும். அதை மருந்தின் வேலை என்று நினைத்துவிட்டாள். தண்ணீர் எலிகளின் முறை வருவதற்குள் அறை கதகதப்பாகியிருக்கும். கீழே, இந்தக் குளிரில்லாத கோயம்புத்தூரில் யாரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள்.

அழுகையே வந்துவிட்டது. மாத்திரை டாக்டர் கொடுத்ததுதான், இருந்தாலும் அம்மாவை நம்ப வைத்தது இவளுடைய பொய்ச் சாட்சி. விஷயம் தெரிந்தால் அம்மா மாத்திரையை நிறுத்திவிடுவார். சொல்லாமல் இருந்தால் தனக்கே தூக்கம் வராது.

"நீயே கண்டுபிடிச்சியே, அது போதும். மறுபடி செய்யலாம்," என்றார் வழிகாட்டியான ஜஸ்டஸ் சார்.

இந்தத் தடவை அறையை முன்கூட்டியே சூடாக்கினாள். வாலின் சூட்டையும் அளந்தாள், எலிகளைக் கலந்து எடுத்தாள். எதற்கு மருந்து, எதற்குத் தண்ணீர் என்பது ஜஸ்டஸ் சாருக்கு மட்டுமே தெரியும். கடைசியில் அவர் அதைச் சொன்னபோது, முதலில் கண்ட வித்தியாசத்தில் பாதிகூடத் தேறவில்லை. ஆனால் இருந்தது. மருந்து குடித்தவை நிஜமாகவே தாமதித்திருந்தன. நிரோஷினி போட்ட கூச்சலில் எலிகள் மிரண்டு கூண்டு மூலைக்கு ஓடின.

அடுத்த பஸ்ஸிலேயே ஊருக்குப் போய், ஹீட்டர் கதை முதல் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் கொட்டினாள். "அன்னைக்கு நான் சொன்னது தப்பும்மா. இப்பதான் சரியா வந்திருக்கு. மாத்திரைய மட்டும் நிறுத்திராத."

"நான் எதுக்கு நிறுத்துறேன்?" என்றார் விஜயா. "எரிச்சல்தான் கொறஞ்சுக்கிட்டே வருதே."

"அத ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

"ஒன்ன மாதிரி ஒடனே குதிச்சுட்டு, நாளைக்கே எரிச்சல் திரும்பி வந்துட்டா என்ன செய்யிறது? நெலச்சு நிக்குதான்னு பாத்துட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்."

மகளின் கையை இழுத்து, முதுகின் இடப்பக்கம் ரவிக்கைமேல் வைத்து அழுத்திக்கொண்டார். நிரோஷினி வெகுநேரம் கையை எடுக்கவில்லை.