பான் பெச்சா

எங்கள் அண்ணனுக்குக் கோபம் வந்தால் யார் சொன்னாலும் கேட்க மாட்டார். நான் சொன்னால் மட்டும் கொஞ்சம் நிற்பார். பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். என் குரல் அவர் குரலைவிடப் பெரிது, அவ்வளவுதான். தம்போயில் தொழிற்சாலை இயந்திரங்களுக்கு நடுவே வருஷக்கணக்காகக் கத்திக் கத்தி வளர்த்த குரல். அந்தக் குரலுக்குச் சரியான வேலை வந்த ஒரு நாளைத்தான் சொல்ல வருகிறேன்.

வருஷக் கடைசி, பள்ளி விடுமுறை. கோத்தா திங்கியைத் தாண்டி இருக்கும் அண்ணன் வீட்டுக்கு நானும் தங்கையும் போயிருந்தோம். போன மறுநாளே பிடித்துக்கொண்டது மழை. ஆறு நிரம்பி, செம்பனைத் தோட்டம் முழுவதும் தண்ணீர் ஏறி, அண்ணன் குடியிருக்கும் தாமான் என்கிற வீட்டுக் குடியிருப்பின் வாசல் வரைக்கும் வந்துவிட்டது. எல்லோரையும் தமிழ்ப்பள்ளி மண்டபத்துக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். தாமானுக்கும் எதிர்ப்பக்கம் இருக்கும் மலாய்க்காரர்களின் கிராமமான கம்பத்துக்கும் நடுவில் நீளமாக ஒரு மண் கரை உண்டு. அதன் மேல் ஒரு லாரி போகிற அளவுக்குப் பாதை. தோட்டத்து ஆட்களான நாங்கள் அதைப் பண்டு என்போம், மலாய்க்காரர்கள் பான் என்பார்கள். அந்தக் கரை நின்றால் வீடு நிற்கும். உடைந்தால் எந்தப் பக்கம் தாழ்வோ அந்தப் பக்கம் முங்கும். எந்தப் பக்கம் தாழ்வு என்று கேட்டால் இந்தப் பக்கத்தவர்கள் இந்தப் பக்கம் என்பார்கள், அந்தப் பக்கத்தவர்கள் அந்தப் பக்கம் என்பார்கள்.

என் தங்கை பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்கிறவள். என்ன ஆராய்ச்சி என்று யார் கேட்டாலும் வீட்டில் நாங்கள் முழிப்போம். வெள்ளம், வறட்சி, புயல் வந்த நாடுகளில் உள்நாட்டுப் போர் மூளுமா, மூளாதா என்பது அவள் தலைப்பு. மண்டபத்தில் பாயை விரித்து உட்கார்ந்து, பிளாஸ்டிக் கோப்பையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது நான் அவளைச் சீண்டினேன்.

“மழ பேஞ்சா சளி புடிக்கும். சண்ட எப்படிடி வரும்?”

“மழயால மட்டும் வராது அக்கா,” என்றாள். “மழ இல்லாம ஊரே காஞ்சு போவுதுன்னு வைங்க. விவசாயம் பண்ணவன் குடும்பத்தோட டவுனுக்கு வர்றான். அங்க அவன யாரும் கண்டுக்கல. அரசாங்கம் ஒரு சனத்துக்குக் குடுக்குது, இன்னொரு சனத்த மறந்துடுது. அப்ப ஒருத்தன் வந்து சோறும் போட்டுத் துப்பாக்கியும் குடுத்தா, வயித்துக்காகவே வாங்கிக்குவான். அதே மாதிரி வெள்ளம் வந்து, ரெண்டு கட்சியும் சண்டய நிறுத்திட்டுச் சமாதானமா போன ஊரும் இருக்கு. ஏற்கெனவே மனசுல என்ன இருந்துச்சோ, அதப் பொறுத்துதான்.”

“நம்ம ஊர்ல துப்பாக்கிக்கு எங்க போறது? எல்லார் வீட்லயும் பாராங்கத்திதான் இருக்கு.”

“துப்பாக்கி கடைசியா வர்றது அக்கா. மொதல்ல ‘அவங்களுக்கு மட்டும்’னு ஒரு பேச்சு வரும்.”

நான் சிரித்தேன். ஆனால் சிரித்து முடிப்பதற்குள்ளேயே பின்னால் யாரோ, “கம்பத்துக்கு மட்டும் மீட்பு போட் போச்சாம்,” என்றார்கள். இன்னொருவர், “மெத்தையும் அங்கதான் மொதல்ல எறக்குனாங்களாம்,” என்றார். தங்கை என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினாள். எனக்கு எரிச்சலாக வந்தது. இவள் படித்த பாழாய்ப்போன படிப்பு நம் பாயிலேயே வந்து உட்காருகிறதே என்று டீயைக் கடகடவென்று குடித்தேன்.

மழை விட்டு லேசாக வெயில் அடித்த நேரத்தில்தான் அந்தக் குரல் பதிவு வந்தது. யார் பேசினார்கள், யார் முதலில் அனுப்பினார்கள் என்று தெரியவில்லை. கை மாறி, கைபேசி மாறி, அண்ணன் கைபேசிக்கும் வந்து சேர்ந்தது. அவர் சத்தத்தைக் கூட்டி வைத்தார். மழை இரைச்சல், எஞ்சின் உறுமல், நடுவில் ஒரு ஆண் குரல் அலறுகிறது. “பான் பெச்சா! பான் பெச்சா! ஓராங் செபராங்...” அதோடு அறுந்துவிட்டது.

பெச்சா என்றால் உடைந்துவிட்டது. ஓராங் செபராங் என்றால் எதிர்ப்பக்கத்து ஆட்கள். இதற்கு மேல் யாருக்கு விளக்கம் வேண்டும்? மண்டபம் முழுக்க எழுந்து நின்றது. “தண்ணிய நம்ம பக்கம் வெட்டி வுட்டுட்டானுங்க,” என்றார் ஒருவர். அந்தப் பதிவில் வெட்டினான் என்ற சொல்லே இல்லை. ஆனால் அடுத்த வாய்க்குப் போகும்போது வெட்டினார்கள் என்று ஆகி, அதற்கடுத்த வாயில் கண்ணால் பார்த்தேன் என்று ஆகிவிட்டது.

அண்ணன் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டார். வெளியே போய்த் தன் பிக்கப் வண்டியின் இருக்கைக்கு அடியிலிருந்து பாராங்கத்தியை எடுத்து முன்னால் வைத்தார். தாமான் ஆண்கள் மண்வெட்டியும் கம்புமாகப் பின்னால் ஏறினார்கள். அண்ணி ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வீடு போனா போவட்டும். உங்க அண்ணன மட்டும் கையோட கூட்டிட்டு வந்துடுங்க.”

நான் செருப்பைக்கூடத் தேடவில்லை. வெறுங்காலோடு வண்டியின் பின்புறம் தொற்றி ஏறினேன். பின்னாலேயே தங்கையும் ஏறினாள். “நீ எதுக்குடி?” என்று கத்தினேன். “யாரு மொதல்ல சொன்னாங்கன்னு கேக்கணும் அக்கா, யாருமே கேக்கல,” என்று அவளும் கத்தினாள். வண்டி தண்ணீரைக் கிழித்துக்கொண்டு பறந்தது. சேறு முகத்தில் அடிக்கிறது, மண்வெட்டிகள் ஒன்றோடொன்று மோதி இரைகின்றன, எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், பயத்தோடு பயமாக எனக்கு ஒரு வேகமும் வந்துவிட்டது. எவன் வெட்டினான் என்று நானும் பார்க்கத் துடித்தேன். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் மழைக்குச் சளிதான் பிடிக்கும் என்று சொன்ன ஆள் நான்.

பண்டின் மேல் ஏறியதும் தூரத்தில் ஒரு லாரி தெரிந்தது. பாதையை அடைத்துக்கொண்டு, ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது. அதன் மேல் செம்பனைக் குலைகள் மலை போல் இருந்தன. லாரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கூட்டம் ஓடி வந்துகொண்டிருந்தது. கம்பத்து ஆட்கள். அவர்கள் கையிலும் மண்வெட்டி, அவர்கள் கையிலும் பாராங்கத்தி. முன்னால் வந்தவர் கறுப்புக் குப்பைப் பையில் ஓட்டை போட்டு மழைக்கோட்டாக மாட்டியிருந்தார். அண்ணன் வண்டியை நிறுத்திக் கத்தியோடு குதித்தார். நான் அவர் சட்டையைப் பின்னால் பிடித்தேன். சட்டை கிழிந்து என் கையோடு வந்தது, அவர் நிற்கவில்லை.

“சியாப்பா போத்தோங்?” என்று கத்தினார் அண்ணன். யார் வெட்டியது என்று மலாயில் கேட்கிறார்.

அதே நொடியில் குப்பைப் பைக்காரரும் கத்தினார். “சியாப்பா போத்தோங்?”

இரண்டு பேரும் நின்றுவிட்டார்கள். கேள்வி கேட்க வந்தவனிடமே கேள்வி கேட்டால் என்ன செய்வது என்று இரண்டு முகத்திலும் எழுதி ஒட்டியிருந்தது. நான் தண்ணீரைப் பார்த்தேன். கரை இரண்டு பக்கமும் முழுசாக இருந்தது, எங்கேயும் வெட்டு இல்லை. பிறகு லாரியைப் பார்த்தேன். முன் சக்கரம் சப்பென்று படுத்துக் கிடந்தது. அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது.

தம்போய் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்த பெண்களில் பாதிப்பேர் இந்தோனேசியாவிலிருந்து வந்தவர்கள். ஒரு நாள் கம்பெனி பஸ் டமார் என்று வெடித்து நின்றபோது, “பான் பெச்சா, பான் பெச்சா,” என்று அவர்கள் கத்த, நான் மட்டும் ஜன்னல் வழியாக எட்டி எட்டி எந்தக் கரை உடைந்தது என்று தேடிக்கொண்டிருந்தேன். வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அவர்கள் ஊர்ப் பேச்சில் பான் என்றால் டயர்.

எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. இரண்டு பக்கமும் கத்தி நிற்கிறது, நான் நடுப்பாதையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறேன். “பைத்தியமா புடிச்சிருக்கு?” என்றார் அண்ணன். அந்த நேரம் லாரிக்கு அடியிலிருந்து உடம்பெல்லாம் சேறாக ஒரு இந்தோனேசியர் ஊர்ந்து வெளியே வந்தார், அந்த லாரியின் டிரைவர். இரண்டு பக்கமும் திரண்டு நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. எல்லோரும் தனக்கு உதவ வந்திருக்கிறார்கள் என்றே நினைத்துவிட்டார் மனுஷன். கும்பிடாத குறையாக நன்றி சொல்லி, “டொங்க்ராக், டொங்க்ராக்,” என்று கைகளால் தூக்கிக் காட்டினார். அது ஜாக். வேறு டயர் இருக்கிறதாம், வண்டியைத் தூக்க ஜாக் இல்லையாம்.

நான் என் முழுக் குரலையும் எடுத்தேன். மலாயில் ஒரு தரம், தமிழில் ஒரு தரம். “கரை உடையல. டயர்தான் உடைஞ்சுது. இவரு ஊர்ல பான்னா டயர். யாரும் எதையும் வெட்டல.”

“செபராங்னு சொன்னீங்களே?” என்று தங்கை டிரைவரிடம் மலாயில் கேட்டாள். தோட்டத்து நண்பருக்குத்தான் பேசி அனுப்பினேன், எதிர்ப்பக்கத்து ஆட்களை உதவிக்குக் கூப்பிடச் சொல்லி, என்றார் அவர். எந்த எதிர்ப்பக்கம்? அவர் இரண்டு பக்கமும் கையைக் காட்டினார். பண்டுக்கு நடுவில் நிற்கிறவருக்கு எல்லோருமே எதிர்ப்பக்கம்தான்.

“அலமாக்,” என்றார் குப்பைப் பைக்காரர், நம் ‘ஐயய்யோ’ போல. கத்தியை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

சிரிப்பு தொடங்கியது. ஆனால் நீளவில்லை. தங்கை குனிந்து சக்கரத்தின் பக்கம் காட்டினாள். லாரியின் கனத்தில் கரை அந்த இடத்தில் உட்கார்ந்து, ஓரத்திலிருந்து தண்ணீர் கொப்புளம் கொப்புளமாகக் கசிந்துகொண்டிருந்தது. எங்கள் கண்ணெதிரே ஒரு மண்கட்டி பொத்தென்று விழுந்தது. யாரும் வெட்டாமலே கரை நிஜமாகவே உடையப் பார்த்தது.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வேன். யார் யாருக்குச் சொன்னார்கள் என்றே தெரியாது. குலைகள் லாரியிலிருந்து பறக்கின்றன, ஒருவர் வீச ஒருவர் பிடிக்க, முள் குத்திக் கை ரத்தமாகிறது, யாரும் கண்டுகொள்ளவில்லை. அண்ணன் தன் பிக்கப்பிலிருந்து ஜாக்கை எடுத்துக்கொண்டு சேற்றில் படுத்துவிட்டார். அவரும் குப்பைப் பைக்காரரும் தலைக்குத் தலை முட்டிக்கொண்டு டயரை மாற்றினார்கள். பாராங்கத்திகளுக்கு அன்றைக்கு ஒரு வேலை இருந்தது. செம்பனை மட்டைகளை மளமளவென்று வெட்டிச் சக்கரத்துக்கு அடியில் பரப்பினார்கள். “தோலாக்,” என்று அவர்கள் கத்த, “தள்ளு,” என்று நாங்கள் கத்த, லாரி உறுமி, வழுக்கி, ஒரே எம்பாக எம்பி வெளியே வந்தது. நான் தெரியாத ஒரு மலாய் அம்மாளைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன். அவரும் குதித்தார். பிறகு உரச் சாக்குகளில் மண்ணை அள்ளிப் போட்டு, கசிந்த இடத்தை எல்லோரும் சேர்ந்து அடைத்தோம். கரை நின்றது.

மண்டபத்துக்குத் திரும்பியபோது அண்ணியிடம், “இந்தாங்க, கையோட கூட்டிட்டு வந்துட்டேன், சட்டதான் போச்சு,” என்றேன். அண்ணி அழுதுகொண்டே சிரித்தார். அண்ணனைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. அவர் டீக்கோப்பையோடு உட்கார்ந்து நடித்தே காட்டினார். சியாப்பா போத்தோங் என்று தன்னைப் போலவும் கத்தினார், குப்பைப் பைக்காரரைப் போலவும் கத்தினார். மண்டபமே உருண்டு புரண்டு சிரித்தது.

“பாவம்லா அந்த டிரைவரு,” என்றார் அண்ணன், கண்ணைத் துடைத்துக்கொண்டே. “ஒரு ஜாக் இல்லாம என்ன பாடு. தண்ணி வடிஞ்சதும் நானே நல்லதா ஒண்ணு வாங்கிக் குடுக்குறேன்.”

தங்கை பாயில் சுருண்டு படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்திருந்தேன். எழுந்து உட்கார்ந்தாள்.

“அண்ணே,” என்றாள் மெதுவாக. “காலையில அந்தப் பதிவ அனுப்புன கையோட அவருக்கு ஒரு ஜாக் கெடச்சிருந்தா?”

“கெடச்சிருந்தா என்ன, டயர மாத்திட்டுப் போயிருப்பான்.”

சொல்லிவிட்டு அவரே நிறுத்திக்கொண்டார். லாரி போயிருக்கும், பதிவு மட்டும் கை மாறிக்கொண்டே இருந்திருக்கும். காலியான கரையின் மேல் இந்தப் பக்கமிருந்து நாங்களும் அந்தப் பக்கமிருந்து அவர்களும் ஏறி வந்திருப்போம். நடுவில் மறிக்க ஒன்றும் இருந்திருக்காது. என் கையில் அண்ணனின் கிழிந்த சட்டைத் துணி மட்டும் இருந்திருக்கும். அண்ணன் கோப்பையைத் தரையில் வைத்தார். வைக்கும்போது டீ தளும்பிப் பாயில் கொட்டியது. அண்ணி ஒரு துணியை எடுத்து வந்து துடைத்தார்.