சைபர் போடுகிற கட்டம்

குருவி எண்ணுகிற வேலைக்குப் போகிறேன் என்றதும் கருவாடு காயப்போடும் வாடியில் என்னோடு நின்ற பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. சண்டை முடிந்த அந்த வருஷங்களில் எனக்கு எதுவுமே வருவதில்லை. போகச் சொன்னால் போவேன், இருக்கச் சொன்னால் இருப்பேன்.

கம்பஸில் படிக்கிற ஒரு பிள்ளை, மன்னார்ப் பாலத்தடித் தரவை வெளியில் பறவைகளைக் கணக்கெடுக்க வந்திருந்தாள். அவள் தூரக்கண்ணாடியால் பார்ப்பாள், நான் படிவத்தில் எழுதுவேன். காலையில் எட்டு இடம், ஒவ்வொன்றிலும் பத்து நிமிஷம். கிட்ட நிற்பவற்றை நானே எண்ணி எழுதலாம்.

மூன்றாவது இடம் மதகடி. அங்கே ஒரு சோடி ஆட்காட்டிக் குருவி இருந்தது. ஆளைக் கண்டால் போதும், ஊரைக் கூட்டிவிடும். "வாயைப் பொத்து, சனியன்" என்று ஏசிக்கொண்டே இரண்டு என்று எழுதுவேன். ஒருநாள் ஒன்றுதான் நின்றது. நான் யோசிக்காமலே இரண்டு என்று எழுதினேன். மறுநாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாள் அதையும் காணவில்லை. கட்டத்தை வெறுமையாக விட்டேன்.

அப்படி எழுதுவது எனக்குப் பழக்கம். சண்டைக்குள் வெள்ளாங்குளம் தாண்டி இடம்பெயர்ந்து போன எங்கள் வீட்டில், என் கணவர் மட்டும் திரும்பி வரவில்லை. கிராம சேவகரின் குடும்ப விபரப் படிவம் வரும்போதெல்லாம் முதலில் அவர் பெயரைத்தான் எழுதுவேன். எங்கள் அயலில் காணாமல்போனவர்களின் வீடுகளில் எல்லாரும் அப்படித்தான் எழுதினார்கள். பழைய கிராம சேவகர் ஒன்றும் கேட்கமாட்டார். புதிதாக வந்தவர், பெயரை வெட்டுங்கள், இல்லாவிட்டால் மரணச் சான்றிதழ் எடுங்கள் என்று படிவத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும்.

கட்டத்தை வெறுமையாக விட்ட அன்று பின்னேரம் பிள்ளை என் தாள்களைப் புரட்டினாள். மதகடியில் ஒன்றுதான் நின்றதைத் தானும் கண்டிருக்கிறாள்.

"அக்கா, இது நீங்கள் கண்டதோ, இல்லாட்டி வழமையா நிக்கிறதெண்டு எழுதினதோ?"

வழமையாக நிற்கிறவைதானே என்று வெடுக்கென்று சொன்னேன். அவள் முகம் கோணவில்லை.

"காணாட்டிச் சைபர் போடுங்கோ அக்கா. சைபரெண்டால் போய்ப் பார்த்தனாங்கள், இல்லையெண்டு அர்த்தம். வெறுமையா விட்டால் ஒருத்தரும் போய்ப் பார்க்கேல்லையெண்டு அர்த்தம்."

இரண்டு நாளுக்கு ஒன்று, மூன்றாம் நாளுக்குச் சைபர் என்று திருத்தினேன். அடுத்த நாளும் மதகடியில் பத்து நிமிஷம் முழுவதும் நின்று, புல்லுக்குள்ளும் தேடிப் பார்த்து, சைபர் போட்டேன்.

வெள்ளிக்கிழமை கந்தோருக்குப் போனேன். கிராம சேவகர் கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார். என்னைவிட வயது குறைந்தவர், மரியாதையாகத்தான் பேசினார். படிவத்தில் என் கணவரின் பெயர் அப்படியே முதலில் இருந்தது.

"இல்லாத ஆளை எழுதேலாது அக்கா."

அப்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு வந்த கோபம்.

"தரவையில ஒரு ஆட்காட்டியைக் காணேல்லையெண்டாலும், பத்து நிமிஷம் நிண்டு பார்த்துத்தான் தம்பி நாங்கள் சைபர் போடுறம். இவரை ஆர் போய்ப் பார்த்தவை?"

அவர் மேசை லாச்சியிலிருந்து அடிமட்டத்தை எடுத்து, பெயரின் குறுக்கே வைத்து, நேராக ஒரு கோடு இழுத்தார்.